புறமுதுகு காட்டி வென்றவர்

1963-ம் ஆண்டின் வசந்த காலம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியின் தடகள அணியை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான உடம்பு, ஓங்கிய உயரம், எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாத நீளக் கைகால்கள். பெயர் டிக் ஃபாஸ்பரி. அந்தப் பருவம் முழுக்க உயரம் தாண்டுதலில் அவனுக்குத் தோல்விதான். பள்ளிப் போட்டிகள் பலவற்றில் நுழைவதற்கே 5 அடி தாண்டியாக வேண்டும். அந்த 5 அடியே அவனுக்கு எட்டாமல் போன நாட்கள் உண்டு.

பேருந்திலேயே அவன் ஒரு முடிவுக்கு வந்தான். பயிற்சியாளர் டீன் பென்சன் கற்றுக்கொடுத்த 'வெஸ்டர்ன் ரோல்' பாணி தன் உடம்பில் ஏறவில்லை. ஆரம்பப் பள்ளியில் தாண்டிய பழைய கத்தரிப் பாணிக்கே இன்று ஒரு நாள் திரும்பிவிடலாம். பென்சனும் சம்மதித்தார். பையன் மனம் தளராமல் இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

கத்தரிப் பாணி என்னவென்று பள்ளி விளையாட்டு விழாவில் மணல் குழிக்கு முன்னால் நின்ற எவருக்கும் தெரியும். பக்கவாட்டில் ஓடிவந்து, ஒரு காலைக் கம்பிக்கு மேலே வீசி, அது மறுபக்கம் இறங்கும்போது மற்றக் காலையும் தூக்கி எடுத்துவிட வேண்டும். இரண்டு கால்களும் கத்தரிக்கோல்போலத் திறந்து மூடும். உடம்பு நிமிர்ந்தே இருக்கும்; விழும்போது காலில் நிற்கலாம். சுலபம், ஆனால் பழசு. பெரிய போட்டிகளில் அதை வைத்து ஜெயிக்க முடியாது என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்கள்.

கிராண்ட்ஸ் பாஸில் அவன் கத்தரிப் பாணியில் 5 அடி 4 அங்குலம் தாண்டினான். கம்பி மேலே ஏறியது. இடுப்பு கம்பியில் இடிக்கப் பார்த்தது. அவன் இடுப்பைக் கொஞ்சம் தூக்கினான். இடுப்பு மேலே போனால் தோள் தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தது. தாண்டிவிட்டான். கம்பி இன்னும் ஏறியது. தோள் இன்னும் பின்னால் போனது. ஒவ்வொரு உயரத்துக்கும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மல்லாந்தது. கடைசியில் 5 அடி 10 அங்குலத்தை, ஏறக்குறைய உட்கார்ந்தும் படுத்துமாக, முதுகை மண்ணுக்குக் காட்டியபடி தாண்டியிருந்தான். அதுவரை இருந்த தன் உச்சத்தை ஒரே பிற்பகலில் 6 அங்குலம் உயர்த்திவிட்டான். இந்த விளையாட்டில் அரை அங்குலம் கூட்டவே ஒரு பருவம் பிடிக்கும்.

இப்படித் தாண்டலாமா என்று மற்றப் பள்ளிப் பயிற்சியாளர்கள் வாதாடத் தொடங்கினார்கள். விதி என்னவோ எளிமையாகத்தான் இருந்தது: ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும். எழும்பிய பிறகு காற்றில் உடம்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை. பையன் செய்தது சரிதான்.

அந்தப் பிற்பகலில் நடந்ததை ஃபாஸ்பரி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். திட்டம் போட்டோ, படித்து ஆராய்ந்தோ அவர் அதைச் செய்யவில்லை. தோற்றுப்போகக் கூடாது என்ற தவிப்பில் உடம்பு தானாகவே வழி தேடியது. ஆனால், உடம்பு தேடிய வழி நிலைப்பதற்குத் தரையும் ஒத்துழைக்க வேண்டும். உயரம் தாண்டுதலின் நூறாண்டு வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், எப்படி எழும்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் தீர்மானித்தது எதன்மேல் விழுகிறோம் என்பதுதான்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மார்ஷல் புரூக்ஸ் 1876-ல் முதன்முதலாக 6 அடியைத் தாண்டியபோது மெத்தையைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. தாண்டியவர் காலில் வந்து நிற்க வேண்டும். தவறினால் எலும்பு தாங்காது. அதனால் பாணியும் காலில் வந்து நிற்கும் பாணியாகவே இருந்தது. 1895-ல் அமெரிக்காவின் மைக்கேல் ஸ்வீனி அதே கத்தரியில் ஒரு திருத்தம் செய்தார். கால் கம்பியைக் கடக்கும் நேரத்தில் முதுகைக் கிடையாகச் சாய்த்து, உடம்பைத் திருப்பிக் கம்பியைப் பார்த்தபடி இறங்கினார். அப்படித் தாண்டிய 1.97 மீட்டரை அடுத்த 17 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை. எவ்வளவு திருகினாலும் அவரும் காலில்தான் வந்து இறங்கினார்.

அடுத்த திருப்பம் 1912-ல் கலிஃபோர்னியாவில் வந்தது. ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஜார்ஜ் ஹோரைன் கம்பிக்குப் பக்கத்தில் உள்ள காலால் எழும்பி, உடம்பைக் கம்பிக்கு இணையாகப் பக்கவாட்டில் படுக்கவைத்து உருண்டார். அவர் பயிற்சி செய்த குழிக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் ஓடிவர முடிந்தது; அந்த நெருக்கடியில்தான் கால் மாறியது என்று சொல்வார்கள். அந்த ஆண்டு மே மாதம் அவர் 2.00 மீட்டர் தாண்டினார். அகில உலகத் தடகளக் கூட்டமைப்பு உயரம் தாண்டுதலில் பதிவுசெய்த முதல் உலக சாதனை அதுதான். மெட்ஃபோர்டு பையனின் உடம்பில் ஏறாமல் போன வெஸ்டர்ன் ரோல் இப்படிப் பிறந்தது. இதிலும் இறங்குவது எழும்பிய காலிலும் இரண்டு கைகளிலும்தான். மணலுக்கு அது போதும்.

தலை முதலில் போகக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. கால்களுக்கு முன் தலை கம்பியைத் தாண்டினால் அது 'பாய்ச்சல்'; செல்லாது. 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் பேப் டிட்ரிக்சனும் ஜீன் ஷைலியும் ஒரே உயரத்தில் சமமாக நின்றார்கள். டிட்ரிக்சன் தலை முதலில் போகப் பாய்ந்தார் என்று நடுவர்கள் தீர்ப்புச் சொன்னதால் அவருக்கு வெள்ளி கிடைத்தது. பிற்பாடு அந்த விதி விலகியது. விலகியதும் வயிற்றைக் கம்பிக்குக் காட்டிக் குப்புறக் கடக்கும் 'ஸ்ட்ராடில்' பாணி மேலெழுந்தது. டேவ் ஆல்பிரிட்டன் 1936-ல் அந்தப் பாணியில் 2.07 மீட்டர் தாண்டி உலக சாதனையைப் பகிர்ந்துகொண்டார். 1956-ல் சார்ல்ஸ் டூமாஸ் 7 அடியைக் கடந்தார். 1963-ல் சோவியத் வீரர் வலேரி புருமெல் 2.28 மீட்டருக்குப் போனார்.

ரப்பர் மெத்தை பரவாத அந்தக் காலத்தில் ஆசியாவின் உச்சிக்குப் போன ஒரு தமிழரும் உண்டு. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பதினேழு வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1958-ல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. விழும் இடம் கடினமாக இருந்த நாட்களில் இரண்டு மீட்டரைக் கடப்பதற்கு எழும்பும் திறமை மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் எங்கே, எப்படி இறங்குவது என்பதையும் கற்றிருக்க வேண்டும். அந்தத் தலைமுறை வீரர்களின் சாதனையைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மெட்ஃபோர்டிலும் ஆரம்பத்தில் விழுந்தது மரத்தூளும் மரச் சிராய்களும் நிரப்பிய குழியில்தான். கத்தரிப் பாணியில் காலில் இறங்குகிறவனுக்கு அது சரி. முதுகில் இறங்குகிறவனுக்கு? ஒவ்வொரு முறையும் தோள்பட்டையும் பிடரியும் மரத்தூளில் மோத வேண்டும். ஃபாஸ்பரியின் நல்ல நேரம், அடுத்த ஆண்டே அவன் பள்ளி குழியை மாற்றி நுரை ரப்பர் மெத்தை போட்டது. அமெரிக்காவில் அப்படி மாற்றிய முதல் சில உயர்நிலைப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. அந்த மெத்தை வராமல் போயிருந்தால், கிராண்ட்ஸ் பாஸ் பிற்பகல் ஒரு பள்ளிக்கூடத்து விநோதமாகவே முடிந்திருக்கும்.

இதற்கு வேறு சான்றுகளும் இருக்கின்றன. அதே 1963-ல் மோன்டானா மாநிலத்துப் பள்ளி மாணவர் ஒருவர் கம்பிக்கு முதுகு காட்டித் தாண்டும் புகைப்படம் பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெபி பிரில் என்ற சிறுமி, ஃபாஸ்பரியைப் பார்க்காமலே, மல்லாந்து தாண்டத் தானாகப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்காக அவள் அப்பா நுரை ரப்பர் துண்டுகளை வலையில் அடைத்து வீட்டிலேயே மெத்தை செய்து கொடுத்திருந்தார். 'பிரில் பெண்ட்' என்று பெயர் பெற்ற அந்தப் பாணியில் அவர் 1970-ல் 6 அடியைத் தாண்டினார்; வட அமெரிக்கப் பெண்களில் அந்த உயரத்தை முதலில் தொட்டவர் அவர்தான். ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் ஒரே கண்டுபிடிப்பின்மேல் தனித்தனியாக வந்து விழுந்தார்கள். விழுவதற்கு மெத்தை வந்திருந்த காலம் அது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஃபாஸ்பரியின் பாணி மெல்ல மெல்ல உருப்பெற்றது. முதலில் நேராக ஓடிவந்து பின்னால் சாய்ந்தவன், தோளை ஒரு பக்கம் திருப்பத் தொடங்கினான். தோள் திரும்பத் திரும்ப முதுகு முழுதாகக் கம்பியின் பக்கம் வந்தது. நேராக இருந்த ஓட்டமும் கடைசி அடிகளில் வில்போல வளைந்தது. இவற்றை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; சொல்லிக் கொடுக்க யாருக்கும் தெரியவும் தெரியாது. பள்ளி சாதனையை அவன் உடைத்தான். பள்ளி இறுதி ஆண்டில் மாநிலப் போட்டியில் இரண்டாம் இடம் வந்தான்.

ஊர்ப் பத்திரிகை 1964-ல் அவன் தாண்டும் படத்தைப் போட்டு, 'ஃபாஸ்பரி ஃப்ளாப்ஸ்' என்று கீழே எழுதியது. படகில் இழுத்துப் போட்ட மீன் துள்ளி விழுவதுபோல இருக்கிறது என்றார் ஒரு நிருபர். உலகத்திலேயே சோம்பேறியான உயரம் தாண்டும் வீரர் என்றது இன்னொரு பத்திரிகை. ஃப்ளாப் என்றால் தொப்பென்று விழுவது. ஓடாத சினிமாவுக்கு நம் ஊரில் சொல்கிறோமே, அதே சொல்தான். ஃபாஸ்பரிக்கு அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று. உலகம் முழுவதும் இன்றும் அந்தப் பாணி ஃபாஸ்பரி ஃப்ளாப்தான்.

1965-ல் அவர் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் பெர்னி வாக்னர், இந்தப் பாணி பள்ளியோடு முடிய வேண்டியது என்று நினைத்தார். பெரிய வீரராக வேண்டுமானால் பழைய பாணியைத்தான் கற்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார். போட்டிகளில் மட்டும் ஃப்ளாப்பை அனுமதித்தார். ஒரு நாள் 6 அடி 6 அங்குலத்தில் கம்பியை வைத்து ஃபாஸ்பரி தாண்டுவதைப் படமெடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தார். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே அரை அடி இடைவெளி இருந்தது. அதன்பிறகு வாக்னர் பழைய பாணியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாம் ஆண்டின் முதல் போட்டியிலேயே ஃபாஸ்பரி 6 அடி 10 அங்குலம் தாண்டிப் பல்கலைக்கழக சாதனையை முறியடித்தார்.

அந்தப் படத்தில் வாக்னர் கண்டது என்ன? ஒரு தாண்டலை அடி அடியாகப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

ஃபாஸ்பரி கம்பிக்கு இடப்பக்கத்திலிருந்து ஓடிவருவார். முதல் சில அடிகள் நேர்கோடு. பிறகு ஓட்டம் வளையும். வளைவில் வேகமாக ஓடுகிற யாரும் உள்பக்கம் சாய்ந்தாக வேண்டும். சைக்கிளில் வளைவு திரும்புகிறவர் சாய்வதுபோல. வளைவின் மையம் கம்பிக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால், அவர் உடம்பு கம்பியை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வினால் இரண்டு லாபம். முழங்காலை அதிகம் மடக்காமலே உடம்பின் எடைமையம் தாழ்கிறது. தாழ்ந்த இடத்திலிருந்து எழும்பினால் உந்துவதற்கு நீளம் கூடும். அடுத்தது, கடைசி அடியில் கால் ஊன்றி வளைவை விட்டு வெளியே வந்ததும், சாய்ந்திருந்த உடம்பு நிமிர்ந்து கம்பியின் பக்கம் தானாகச் சுழலத் தொடங்குகிறது. மல்லாந்து படுப்பதற்காகக் காற்றில் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

எழும்புவது வலது காலில், அதாவது கம்பிக்குத் தொலைவாக இருக்கும் காலில். ரோலிலும் ஸ்ட்ராடிலிலும் கம்பிக்குப் பக்கத்தில் உள்ள கால்தான் எழும்பும். கத்தரியில் தொலைவான கால். மெட்ஃபோர்டு பையன் ரோலில் தடுமாறி, கத்தரிக்குத் திரும்பிய நாளில் வழி திறந்ததற்குக் காரணம் இதுதான். ஃப்ளாப்பின் கால் கத்தரியின் கால்.

ஊன்றிய கால் தரையைத் தொட்டிருப்பது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்குள் மற்ற முழங்கால் மேலே வீசப்படும், தோள் திரும்பும். பிறகு தலை கம்பியைக் கடக்கும், தோள் கடக்கும். அந்த நொடியில் இடுப்பை மேலே தள்ளி முதுகை வில்லாக வளைக்க வேண்டும். இடுப்பு கடந்ததும் முகவாயை மார்போடு சேர்க்க வேண்டும். அப்போது தொடை மேலே வரும், கால்கள் கம்பியைத் தட்டாமல் உதறிக்கொண்டு வெளியே வரும். முகவாயைச் சேர்ப்பது கழுத்துக்கும் காப்பு. மெத்தையில் முதலில் படுவது தோளும் மேல்முதுகும். இதில் ஏதாவது ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் கெண்டைக்காலோ குதிகாலோ கம்பியைத் தட்டிவிடும்.

முதுகு வளைவதில்தான் கணக்கு இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதனின் எடைமையம் தொப்புளை ஒட்டி, உடம்புக்குள் இருக்கிறது. கத்தரிப் பாணியில் அந்த மையமும் கம்பிக்கு மேலே கணிசமான உயரத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு தட்டும். உடம்பு வில்லாக வளையும்போது மையம் உடம்பை விட்டே வெளியே, வளைவின் உட்பக்கம் இறங்கிவிடும். வளையத்தின் மையம் வளையத்தில் இல்லாததுபோல. தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கு மேலே போய்க்கொண்டிருக்க, எடைமையம் கம்பியை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ கடந்துவிடலாம். அதே எழும்பும் சக்திக்குக் கூடுதல் உயரம் கிடைக்கிறது.

இன்னொன்றையும் அவர் தாமே கண்டுகொண்டார். கம்பி உயர உயர, எழும்பும் இடத்தைப் பின்னுக்கு நகர்த்தினார். தாழ்ந்த உயரங்களில் ஓர் அடி தூரத்தில் எழும்பியவர், உச்ச உயரங்களில் ஏறக்குறைய 4 அடி தள்ளி நின்று எழும்பினார். காற்றில் இருக்கும் நேரம் கூடியது. பாதையின் உச்சி கம்பியின் நேர் மேலே வந்து நின்றது. மற்றப் பாணிக்காரர்கள் அநேகமாக ஒரே இடத்திலிருந்துதான் எழும்பிக்கொண்டிருந்தார்கள். பொறியியல் மாணவர் இதைத் தாளில் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான தாண்டல்களில் கால் கற்றுக்கொண்டது.

1968-ல் அவர் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனார். ஒலிம்பிக் அணிக்கான இறுதித் தேர்வு கலிஃபோர்னியாவின் எக்கோ சம்மிட் மலையில் நடந்தது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பதால், மெல்லிய காற்றுக்குப் பழக வேண்டும் என்று மலைமேல் தடம் போட்டிருந்தார்கள். தேர்வு கத்திமேல் நடப்பதுபோல இருந்தது. 7 அடி 2 அங்குலம் வரை ஒரு தவறும் செய்யாமல் முன்னணியில் இருந்த ஜான் ஹார்ட்ஃபீல்டு அடுத்த உயரத்தில் தோற்று வீட்டுக்குப் போனார். எட் கருதர்ஸ், ரெய்னால்டோ பிரவுன், ஃபாஸ்பரி மூவரும் 7 அடி 3 அங்குலத்தைத் தாண்டி அணிக்குள் வந்தார்கள்.

அக்டோபர் 20, மெக்சிகோ நகர ஒலிம்பிக் மைதானம். ஃபாஸ்பரி தன் இடத்தில் நின்று, முன்னும் பின்னுமாக உடம்பை அசைத்துக்கொண்டிருக்கிறார். கைகள் மூடி மூடித் திறக்கின்றன. தாண்டலை முதலில் மனத்துக்குள் முழுதாகத் தாண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குவது அவர் வழக்கம். முதல் தாண்டலைப் பார்த்துச் சிரித்த கூட்டம் சிறிது நேரத்தில் அவருக்காகவே காத்திருக்கத் தொடங்கியது. ஒவ்வொரு உயரத்தையும் முதல் முயற்சியிலேயே கடந்தார், 2.22 மீட்டர் உட்பட. சோவியத் யூனியனின் வாலென்டின் கவ்ரிலோவ் 2.20-ல் நின்று வெண்கலத்தோடு முடித்தார். மிச்சம் இரண்டு அமெரிக்கர்கள்.

கம்பி 2.24-க்கு ஏறியது. ஃபாஸ்பரி முதல் இரண்டு முயற்சிகளிலும் தட்டினார். கருதர்ஸும் தட்டினார். அன்றுதான் மாரத்தான் ஓட்டமும். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே முதலாவதாக மைதானத்துக்குள் ஓடிவந்தபோதும் பல ஆயிரம் கண்கள் உயரம் தாண்டும் மூலையை விட்டு நகரவில்லை. மூன்றாவது முயற்சி. அசைந்து, நின்று, ஓடி, வளைந்து, எழும்பி, மல்லாந்து, கால்களை உதறி மெத்தையில் விழுந்தபோது கம்பி மேலேயே இருந்தது. கருதர்ஸால் முடியவில்லை. தங்கம் ஃபாஸ்பரிக்கு, 2.24 ஒலிம்பிக் சாதனை. புருமெலின் உலக சாதனையைத் தாண்ட 2.29 வைத்துப் பார்த்தார். அது அன்று நடக்கவில்லை.

போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவதைவிட இழிவு இல்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கம்பிக்குப் புறமுதுகு காட்டிய ஒருவர் உலகத்தின் முன்னால் தங்கம் வாங்கியது அன்றுதான்.

பாராட்டியவர்களைப் போலவே பயந்தவர்களும் உண்டு. பிள்ளைகள் சாம்பியன்களைப் பார்த்துத்தான் செய்வார்கள், இவரைப் பார்த்துச் செய்தால் ஒரு தலைமுறையே கழுத்தை முறித்துக்கொள்ளும் என்று எச்சரித்தார் அமெரிக்க ஒலிம்பிக் தடகளப் பயிற்சியாளர் பேட்டன் ஜோர்டன். பள்ளிக்குப் பள்ளி இன்னும் மணலும் மரத்தூளும் கிடந்த காலத்தில் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மெத்தை வாங்க வசதியில்லாத இடத்துக்கு ஃப்ளாப் போகவே முடியாது. பாணி பரவியது என்றால், நுரை மெத்தைகளும் கூடவே பரவின என்றுதான் அர்த்தம்.

மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டிய ஆண்கள் 40 பேரில் 28 பேர் ஃப்ளாப் பாணியினர். தங்கத்தை வென்றதோ ஸ்ட்ராடில் பாணியில் தாண்டிய சோவியத் வீரர் யூரி தர்மாக். ஃபாஸ்பரி அந்த ஆண்டு அமெரிக்க அணித் தேர்வில் தேறவில்லை. பெண்கள் பிரிவில் பதினாறே வயதான மேற்கு ஜெர்மனியின் உல்ரிகே மைஃபார்ட் ஃப்ளாப் பாணியில் 1.92 மீட்டர் தாண்டி, உலக சாதனையைச் சமன்செய்து தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே மியூனிக்கில் டுவைட் ஸ்டோன்ஸ் 2.30 தாண்டினார். ஃப்ளாப்பில் பிறந்த முதல் ஆண்கள் உலக சாதனை அது.

பழைய பாணியும் தலை நிமிர்ந்தே விடைபெற்றது. கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மேரி ஆக்கர்மன் 1977 ஆகஸ்டில் பெர்லினில் 2.00 மீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனார், ஸ்ட்ராடிலில். சோவியத் இளைஞர் விளாதிமிர் யாஷ்சென்கோ 1978-ல் அதே பாணியில் 2.34 தாண்டினார். அதற்குப் பிறகு ஃப்ளாப்பைத் தவிர வேறு பாணியில் உலக சாதனை எதுவும் வரவில்லை. கியூபாவின் ஹவியர் சோட்டோமேயர் 1993-ல் ஸ்பெயினின் சலமான்காவில் தாண்டிய 2.45 மீட்டரும், உக்ரைனின் யாரோஸ்லாவா மஹூச்சிக் 2024-ல் பாரிஸில் தாண்டிய 2.10 மீட்டரும் முதுகைக் காட்டித் தாண்டியவைதான்.

ஸ்ட்ராடில் பாணி குறைந்த பாணி என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அது கைவர ஆண்டுக்கணக்கான உழைப்பும் காலில் பெரும் பலமும் வேண்டும். ஃப்ளாப்பில் வேகத்தைக் குறைக்காமல் ஓடிவந்து அந்த வேகத்தையே உயரமாக மாற்றலாம். ஒல்லியான, உயரமான, வேகமான பிள்ளைகள் சில மாதங்களில் அடிப்படையைப் பிடித்துவிடுவார்கள். ரோலில் 5 அடிக்கே திணறிய மெட்ஃபோர்டு பையனின் உடம்பும் அந்த மாதிரிதான்.

படிப்பை விடாமல் பட்டம் பெற்ற ஃபாஸ்பரி, ஐடஹோ மாநிலத்தில் பொறியியல் நிறுவனம் நடத்தினார். சாலையும் நிலமும் அளந்து பிழைப்பு நடந்தது. கோடை முகாம்களில் பிள்ளைகளுக்கு உயரம் தாண்டக் கற்றுக் கொடுத்தார். 2023 மார்ச் 12-ல், 76 வயதில், புற்றுநோயால் காலமானார்.

இன்று எந்த நாட்டிலும் ஒரு பயிற்சியாளர் புதிதாக வரும் பிள்ளைக்கு ஃப்ளாப் சொல்லித்தரும்போது முதல் நாளே மல்லாக்கப் படுக்கச் சொல்வதில்லை. தரையில் சுண்ணாம்பால் ஒரு வளைவு போடுகிறார். அந்த வளைவில் சாய்ந்து ஓடப் பழக்குகிறார். கம்பியைத் தாழ்வாக வைத்து, வளைவில் ஓடிவந்து தொலைவான காலால் எழும்பிக் கத்தரிப் பாணியில் தாண்டி, மெத்தைமேல் காலில் நிற்கச் சொல்கிறார். அது கைவந்த பிறகு கம்பியைக் கொஞ்சம் உயர்த்துகிறார். இடுப்பு தட்டுகிறது. இடுப்பைத் தூக்கு என்கிறார். பிள்ளை தூக்குகிறது, தோள் பின்னால் சாய்கிறது.